திற்பரப்பிலிருந்து ஒரு குழாய் ரத்தம்

ஒரு விரல் நீளக் குழாய், ஊதா மூடி. உள்சுவரில் இ.டி.டி.ஏ. என்ற உப்பைப் பூசியிருப்பார்கள். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியத்தை இந்த உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். கையிலிருந்து மூன்று மில்லி இறங்கியதும் லேபில் இருக்கும் பெண் குழாயை எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துவார். குலுக்கினால் அணுக்கள் உடைந்துவிடும். பெயர், வயது, தேதி எழுதிய சீட்டை ஒட்டி ஸ்டாண்டில் நிறுத்திவிடுவார். பக்கத்தில் நிற்கும் குழாய்களுக்கு மாலைக்குள் வேலை முடிந்துவிடும். ஹீமோகுளோபின் இவ்வளவு, வெள்ளணு இவ்வளவு என்று சீட்டு வந்துவிடும். இந்த ஒன்று மட்டும் மாநிலம் தாண்டிப் போக வேண்டியது. விடை வர வாரக்கணக்கில் ஆகும். வரும் விடையும் ஒரு ஆளோடு நிற்காது.

குழாய் புறப்படும் ஊர் திற்பரப்பு என்று வைத்துக்கொள்கிறேன். ரத்தத்துக்கு உரியவரும் நான் வைத்துக்கொண்ட ஒருவர்தான். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவர். அவருக்கு வரும் நோயும், குழாய் போகும் வழியும், அதன் பின்னால் இருக்கும் மனிதர்களும் உண்மை.

வெளியூர்க்காரர்களுக்குத் திற்பரப்பு என்றால் அருவி. கோதையாறு அகலமான பாறையில் படர்ந்து வந்து ஐம்பதடி போல இறங்குகிறது. கரையில் மகாதேவர் கோயில்; சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவது. ஊர்க்காரர்களுக்கு இது ரப்பர் பூமி. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே மரம் மரமாகப் போய், பட்டையில் சாய்வாக ஒரு நூல் ஆழத்துக்குக் கத்தியை ஓட்டி, பாலைச் சிரட்டையில் இறக்கிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும்.

நம் ஆளுக்கு வயது நாற்பத்து மூன்று. முப்பதை ஒட்டிய வயதில் அது தொடங்கியது. கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்வையின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றும். தலை லைட்டின் கூச்சம் என்று கண்ணைக் கசக்குவார். கண்ணை மூடினாலும் அது போகாது. பொட்டு கோடாகும், கோடு பல் பல்லாக நெளிந்து மின்னிக்கொண்டே வெளிப்பக்கமாக அகலும். அது கடந்த இடத்தில் மரம் இருக்காது, வெறும் மங்கல்தான். இருபது நிமிடமோ அரை மணியோ கழித்து அது விளிம்பில் போய் மறையும்போது விரல்நுனியில் ஒரு மதமதப்பு ஏறும். உள்ளங்கை, முழங்கை, பிறகு தாவி உதட்டோரம். சொல் குழறும். அதெல்லாம் அடங்கிய பிறகு தலையின் ஒரு பக்கம் வெட்டி வெட்டி வலிக்கும், வாந்தி வரும். சிரட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இருட்டில் படுத்துக்கொள்வார்.

கொடிஞ்ஞி, அதாவது ஒற்றைத் தலைவலி, என்றார்கள் வீட்டில். மார்த்தாண்டத்தில் கண்ணாடி போட்டுப் பார்த்தார். சைனஸ் என்று ஒருவர் மருந்து தந்தார். வர்ம வைத்தியர் எண்ணெய் தந்தார். கடைசியில் ஒரு டாக்டர் மைக்ரேன் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அந்த டாக்டர் சொன்னதில் தவறில்லை. அவருக்கு வந்தது மைக்ரேன்தான். மின்னல் கோட்டோடு வரும் வகை.

இந்த மின்னல் கோட்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர். தனக்கு மைக்ரேன் வரும்போதெல்லாம் கண்ணில் தெரிந்ததைத் தாளில் நிமிட வாரியாக வரைந்து வைத்தார். மூளையின் பின்புறப் பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று 1941-ல் எழுதினார். 1944-ல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லியாவோ முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் நகரும் ஓர் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் ஒரு வீச்சில் கொதித்தெழுந்து, பிறகு சில நிமிடங்கள் ஓய்ந்துபோகும் அலை. பார்வைப் பகுதியில் அது ஓடும்போது மின்னல் கோடு தெரியும். தொடு உணர்ச்சிப் பகுதிக்கு வரும்போது கை மதமதக்கும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் கர்நாடகத்தில் நடத்தி 2015-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் நாலில் ஒருவர் என்று தெரிந்தது. இந்த எண்ணை மறந்துவிட்டு மேலே படிக்க வேண்டாம். இத்தனை பேரில் மிகப் பெரும்பாலோருக்கு மைக்ரேன் வெறும் மைக்ரேன். ஸ்கேனில் அங்கங்கே சில வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தாலும் அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நான் எழுதுவது அந்தக் கூட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நிற்கும் சில குடும்பங்களைப் பற்றி.

நம் ஆளை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்தது ஒரு காலை. மதமதத்த வலது கை அரை மணியில் திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. இதயத்திலும் கோளாறு இல்லை. நாற்பத்து மூன்று வயதில் இவருக்கு எதற்குப் பக்கவாதம் வர வேண்டும்? எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் உட்பகுதி, நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள், இரு பக்கமும் ஒன்றுபோல் வெளுத்திருந்தது. எழுபது வயதில், அதுவும் முப்பது வருடம் பிரஷரைக் கவனிக்காமல் விட்டவருக்கு எதிர்பார்க்கக்கூடிய படம் அது. நரம்பு டாக்டர் படத்தைத் தள்ளிக்கொண்டே கீழே வந்து, காதுக்கு முன்னால் பொட்டுப் பகுதிக்கு உள்ளே இருக்கும் மூளையின் முனையில் நின்றார். அங்கேயும் வெள்ளை. பிரஷர்காரர்களுக்கு அந்த முனை பெரும்பாலும் தப்பிவிடும்.

டாக்டர் கேட்டார்: “வீட்டுல வேற யாருக்காவது வாதம் வந்திருக்கா?”

“இல்ல டாக்டர்.”

துணைக்கு வந்த பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “எடே, உனக்க அம்மைக்கு வந்தது வாதம் இல்லாம பின்ன என்னவாக்கும்? அம்பது வயசு தெகஞ்சுதா அவளுக்கு? பாட்டாவுக்கும் கடைசியில ஓர்மை தப்பிப் போச்சே. நடக்கவும் முடியாம கட்டில்ல கெடந்தாருல்லா.”

டாக்டர் ஒரு தாளை இழுத்து வரையத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு அடைப்பு. பாட்டா கறுப்பு. அம்மா கறுப்பு. பெரியம்மா வெள்ளை. இளைய தாய்மாமன், “பீடி குடிச்சுக் குடிச்சு வாதம் வந்து போனான்” என்று பெரியம்மா சொன்னவர், கறுப்பு. ஆண் பெண் பேதமில்லை, ஒரு தலைமுறையையும் தாண்டவில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். இந்த நோயைக் கண்டுபிடிப்பது எம்.ஆர்.ஐ. படத்தில் தொடங்குவதில்லை, மரபணு ஆய்வகத்திலும் தொடங்குவதில்லை. கல்யாணத்துக்கும் பதினாறு அடியந்திரத்துக்கும் தவறாமல் போய், யார் வீட்டில் யார் எப்படிப் படுத்துச் செத்தார்கள் என்பதை மனதில் வைத்திருக்கும் ஒரு பெரியம்மாவிடம் தொடங்குகிறது. நம் ஆள் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அம்மாவுக்கு வந்தது பிரஷர், பாட்டாவுக்கு வந்தது முதுமை, மாமாவுக்கு வந்தது பீடி. தனக்கு வந்தது தலைவலி. நாலும் ஒன்று என்று யார் சொல்லியிருப்பார்கள்?

மருத்துவ உலகத்துக்கே அதைச் சொல்ல வெகுகாலம் ஆயிற்று. 1955-ல் பெல்ஜிய நரம்பியலாளர் லுடோ வான் பொகார்ட் இரண்டு சகோதரிகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் மூளையின் வெண்பொருள் வேகமாகச் சிதைந்திருந்தது. அது இந்த நோயாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் நினைக்கிறார்கள். 1977-ல் சுவீடனில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதுவும் இதுதான் என்று பின்னால் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2007-ல் அந்தக் குடும்பத்தின் மரபணுவைப் பார்த்தபோது இது இல்லை. 2017-ல் வேறொரு மரபணுவில் கோளாறு என்று தெரிந்தது. ஒரே மாதிரிப் படம், ஒரே மாதிரிக் குடும்பம், நோய் மட்டும் வேறு. இதனால்தான் ஊதா மூடிக் குழாய் வேண்டியிருக்கிறது.

உண்மையான தொடக்கம் பாரிஸில். 1976-ல் மரி ஜெர்மெய்ன் பூசே என்ற நரம்பியலாளரிடம் ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் வந்தார். பக்கவாதம் வந்திருந்தது, பிரஷர் இல்லை. விளக்கம் கிடைக்காத அந்த நோயாளியைப் பூசே மறக்கவில்லை. பின்னர் அந்த நோயாளியின் பிள்ளைகளின் மூளைப் படத்திலும் அதே வெளுப்பு தெரிந்தபோது, குடும்பத்தையே தேடிப் போனார்கள். மேற்குப் பிரான்சின் லுவார் அட்லாந்திக் பகுதியில் வேரோடிய பெரிய குடும்பம். எலிசபெத் தூர்னியே லசேர்வ் ஆள் ஆளாக ரத்தம் சேகரித்தார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலும் சிலருக்குப் படத்தில் வெளுப்பு இருந்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரை 1991-ல் வந்தது. 1993-ல் கோளாறு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள்; நீண்ட பெயர் ஒன்றின் முதலெழுத்துகளைக் கோத்துக் ‘கடாசில்’ என்று நோய்க்குப் பெயரிட்டார்கள். 1996-ல் ஆன் ஜூத்தெல் உள்ளிட்ட குழு மரபணுவையே பிடித்தது. அதன் பெயர் நாட்ச்3. பூசே, தூர்னியே லசேர்வ், ஜூத்தெல், நோயாளிகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்துவந்த யூக் ஷாப்ரியா ஆகிய நால்வருக்கும் 2019-ல் டென்மார்க்கின் பிரெயின் பரிசு கிடைத்தது. ஒரு நோயாளிக்கும் பரிசுக்கும் நடுவே நாற்பத்து மூன்று வருடம். அந்தக் குடும்பம் ஒத்துழைக்காமல் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

நாட்ச் மரபணுவைப் பிரெஞ்சுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழுத்த வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈயில் அது 1910-களிலேயே பிடிபட்டிருந்தது. ஜான் டெக்ஸ்டர் என்ற அமெரிக்கர், சிறகோரம் வெட்டுப்பட்ட ஈக்களைக் கவனித்தார். தாமஸ் ஹன்ட் மார்கனின் குழு அந்த மரபை விவரித்தது. ஈயின் சிறகோரத்துக்கும் திற்பரப்புக்காரரின் மூளைக்கும் நடுவே இருப்பது ஒரு பழைய புரதக் குடும்பம். ஓர் அணு பக்கத்து அணுவோடு பேச அது உதவுகிறது. மனிதர்களுக்கு இந்தக் குடும்பத்தில் நான்கு மரபணுக்கள். மூன்றாவது, ரத்தக் குழாய்களின் சுவரைச் சுற்றியிருக்கும் தசை அணுக்களில் வேலை செய்கிறது.

நாட்ச்3 புரதத்தின் வெளிநீட்டில் ஒரே அச்சில் வார்த்த முப்பத்து நான்கு துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு. ஆறும் மூன்று ஜோடியாகப் பிணைந்தால்தான் துண்டு சரியாக மடியும். கடாசிலில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் நடப்பது ஒன்றே: ஏதோ ஒரு துண்டில் சிஸ்டீன் ஒன்று கூடிவிடுகிறது, அல்லது குறைந்துவிடுகிறது. ஏழானாலும் ஐந்தானாலும் ஒன்றுக்கு ஜோடியில்லை. ஜோடியில்லாதது கண்டதோடு ஒட்டிக்கொள்ளும். புரதம் கட்டிகட்டியாகக் குழாய்ச் சுவரில் படியும். தசை அணுக்கள் சாகும். மயிரிழை போன்ற நுண் தமனிகள் வெயிலில் கிடந்து விறைத்த ரப்பர் குழாயாகிவிடும், தேவைப்படும்போது விரிந்துகொடுக்காது. மூளையின் உட்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோவது இந்த நுண் தமனிகள்தான். அதனால்தான் வெண்பொருள் முதலில் வெளுக்கிறது. இந்தக் கோளாற்றை மரபணுவில் வைத்து வளர்த்த எலிகளுக்கு லியாவோ கண்ட அந்த அலை எளிதாகக் கிளம்புகிறது என்று 2011-ல் காட்டினார்கள். நம் ஆளின் கண்ணில் முப்பது வயதில் ஓடிய மின்னல் கோட்டுக்கு இன்று சொல்லக்கூடிய நல்ல விளக்கம் இது. கடாசில் உள்ளவர்களில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு மின்னல் கோட்டு மைக்ரேன் வருகிறது; பலருக்கு அதுதான் முதல் அடையாளம். பக்கவாதம் வருவது பெரும்பாலும் அதற்குப் பத்து, இருபது வருடம் கழித்து.

குழாய் இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. அது புறப்படட்டும்.

திற்பரப்பை அடுத்த குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. அங்கே மாநிலம் மாறும். 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை இது எல்லையாக இருக்கவில்லை, எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி. இன்றும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய நோய் என்றால் கால் திருவனந்தபுரத்துக்குத்தான் போகும். நரம்புக்கும் இதயத்துக்கும் அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். அரச குடும்பம் 1973-ல் கொடுத்த கட்டடத்தில் தொடங்கி, 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் பெற்றது. நாகர்கோவிலுக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, குலசேகரத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் மூளை என்று வரும்போது வல்லவர் கை பார்க்கட்டும் என்று பஸ் ஏறிவிடுவார்கள்.

குழாயின் பயணம் அங்கே முடிவதில்லை. மரபணுவைப் படிக்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை, ஐதராபாத்தில். குழாயை உறிஞ்சும் காகிதத்தில் சுற்றி, கசியாத உறையில் வைத்து, குளிர்க்கட்டியோடு பெட்டியில் அடைத்துக் கூரியரில் விடுவார்கள். உறையவைத்துவிடக் கூடாது. நல்ல வேளையாக டி.என்.ஏ. எளிதில் கெட்டுப்போகாது, ஓரிரு நாள் வெளியே கிடந்தாலும் தாங்கும்.

பெட்டியில் குழாயோடு ஒரு படிவமும் போகும். அதில் ‘நோய் விவரம்’ என்று சில வரி இடம். அந்த இடத்தில் ‘தலைவலி’ என்று ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்புவது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். டாக்டர் வரைந்த சதுர வட்டப் படம் கூடவே போக வேண்டும். எத்தனை வயதில் தலைவலி, எத்தனை வயதில் பக்கவாதம், பிரஷர் இருந்ததா, படத்தில் மூளை முனை வெளுத்ததா, அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களா, எல்லாம். கடைசிக் கேள்வி சடங்குக்குக் கேட்பதல்ல. எச்.டி.ஆர்.ஏ.1 என்ற வேறொரு மரபணு உண்டு. அதன் இரண்டு பிரதிகளும் கெட்டால் மூளைப் படம் கடாசில்போலவே இருக்கும். அதோடு இளமையிலேயே முடி கொட்டும், இடுப்பு வலி படுத்தும். ஜப்பானில் அடையாளம் கண்ட நோய். மரபணு 2009-ல் தெரிந்தது. 2017-ல் இந்தியக் குடும்பங்களிலும் எழுதியிருக்கிறார்கள். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் ஊரில் இதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. சில சமயம் குழாய் தரும் விடையில் வரும் சந்தேகத்தைத் தோலிலும் சரிபார்ப்பார்கள். கையில் ஒரு பொட்டுத் தோலை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நுண் தமனிச் சுவரில் கறுப்புத் துகள் படிவு தெரியும். மூளை நோய்க்குக் கைத்தோலில் சாட்சி.

ஆய்வகத்தில் முதல் வேலை சிவப்பணுக்களைக் கரைத்து ஊற்றுவது. அவற்றில் உட்கரு இல்லை, டி.என்.ஏ.வும் இல்லை. வெள்ளணுக்களை உடைத்து, புரதங்களை நொதியால் செரிக்கவைத்து, மிச்சத்தைச் சிலிக்கா படலத்தின் வழியே இறக்குவார்கள். டி.என்.ஏ. படலத்தில் ஒட்டிக்கொள்ளும், கழுவி இறக்கினால் கைக்கு வருவது ஒரு சொட்டு நிறமில்லாத திரவம். திற்பரப்பிலிருந்து வந்தது எல்லாம் இனி இந்தச் சொட்டு.

நாட்ச்3-க்கு முப்பத்து மூன்று எக்ஸான்கள். அந்த முப்பத்து நான்கு துண்டுகளும் எழுதப்பட்டிருப்பது 2-லிருந்து 24 வரை உள்ளவற்றில். ஒவ்வொன்றாக வாசிப்பது செலவாக இருந்த காலத்தில் முதலில் 4-ஆவதை வாசிப்பார்கள், கோளாறு அங்கேதான் குவிந்து கிடக்கும். இப்போது எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் வாசித்துவிடுகிறார்கள். திரையில் ஏ, சி, ஜி, டி என்று எழுத்துகள் ஓடும். நம் குழாயில் 397-ஆம் எழுத்தில் எந்திரம் இரண்டு எழுத்தைக் காட்டியது என்று வைத்துக்கொள்வோம்: பாதிப் பிரதிகளில் சி, பாதியில் டி. அம்மாவிடமிருந்து வந்ததில் டி, அப்பாவிடமிருந்து வந்ததில் சி. சி.ஜி.சி. என்று இருக்க வேண்டியது டி.ஜி.சி. ஆகியிருக்கிறது. 133-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன். ஆறு ஏழாகிவிட்டது. பின்லாந்தில் இந்த மாற்றம் பல குடும்பங்களில் உண்டு.

உடனே சீட்டு அடித்துவிட மாட்டார்கள். மாற்றம் நோய் தருவது உறுதியா, அநேகமா, தெரியவில்லையா, அநேகமாகத் தீங்கற்றதா, தீங்கற்றதா என்று ஐந்து வகுப்பில் ஒன்றில் சேர்க்க வேண்டும். சிஸ்டீன் கணக்கு மாறாத மாற்றம் ஒன்று கிடைத்தால் ‘தெரியவில்லை’ என்ற வகுப்பில் விழும். நம் ஆளுடைய முடிவு தெளிவானது. இருந்தாலும் இதே 133-ஆம் இடத்து மாற்றம் கூடவே குடும்பப் படம் இல்லாமல், வேறு காரணத்துக்கு மரபணு முழுதும் வாசித்த ஆரோக்கியமான ஒருவரிடம் கிடைத்தால், அதற்கு இதே எடை இல்லை. உலக அளவிலான மரபணுச் சேகரங்களைப் பார்த்தவர்கள், நாட்ச்3-இல் சிஸ்டீன் கணக்கை மாற்றும் ஏதோ ஒரு பிழை ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று 2016-ல் கண்டார்கள். கடாசில் என்று இதுவரை தெரிந்தவர்களோ லட்சத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவு. தைவானில் 544-ஆம் இடத்து மாற்றம் மட்டும் 100 பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு; அவர்களில் பலர் வயதாகியும் நன்றாக இருக்கிறார்கள். பிழை முதல் ஆறு துண்டுகளில் இருந்தால் பக்கவாதம் சராசரியாகப் பன்னிரண்டு வருடம் முந்துகிறது என்று 2019-ல் தெரிந்தது. நம் ஆளுடையது மூன்றாவது துண்டு. பெரியம்மா சொன்ன கதையும் அதற்குப் பொருந்துகிறது.

சீட்டு திரும்பி வருகிறது. அதே களியக்காவிளை வழியாக, அல்லது இப்போது வழக்கம்போல் போனில்.

நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மருந்தை 168 பேரிடம் சோதித்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். முக்கிய அளவுகோலில் பலன் தெரியவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு தூரம் குழாயை அனுப்பினோம் என்று வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் பதில், செய்யக்கூடாதவை தெரிந்துவிட்டன. இந்த நோயாளிகளுக்குத் தொடை வழியாக வயரைச் செலுத்தி மூளைக் குழாய்களைப் படமெடுத்தபோது சிலருக்குப் பாதிப்பு வந்ததை 1997-லேயே ஜெர்மன் மருத்துவர்கள் எழுதினார்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும் மைக்ரேன் மருந்துகளைப் பல மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் கடுமையான மருந்துகளைக் கொடுக்குமுன் யோசிப்பார்கள், மூளையில் நுண்கசிவுகள் இருக்கலாம். வெளுப்பைப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று எண்ணி வருடக்கணக்கில் தவறான மருந்து ஏற்றுவதும் நின்றுவிடும். இரண்டாவது பதில், செய்ய வேண்டியது தெரிந்துவிட்டது. இந்த மரபணுவோடு புகையும் பிரஷரும் சேர்ந்தால் பக்கவாதம் முந்திக்கொள்கிறது. தாய்மாமனைப் பற்றிப் பெரியம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மரபணுவை மாற்ற முடியாது. பீடிக்கட்டைத் தூர எறிய முடியும்.

மூன்றாவது பதில்தான் கனமானது. குழாயில் இருந்தது ஒருவர் ரத்தம். சீட்டில் இருப்பது அக்காவைப் பற்றியும், தம்பியைப் பற்றியும், பிளஸ் டூ படிக்கும் மகளைப் பற்றியும். ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒன்று. அவர்களிடம் யார் சொல்வது, எப்போது சொல்வது? அறிகுறி இல்லாத பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சோதனை செய்வதில்லை. உலகம் முழுக்க மரபியல் மருத்துவர்கள் பின்பற்றும் நெறி அது. பெரியவர்களுக்கும் ஆலோசனைக்குப் பிறகுதான், அவர்கள் கேட்டால்தான். தெரிந்துகொள்ளும் உரிமை எவ்வளவு உண்டோ, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் அவ்வளவு உண்டு என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடும் என்று சீட்டை ஒளித்து வைக்கும் தகப்பனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் உண்மையானது. மரபுநோய் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த வழக்கில் 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நோயாளி பக்கம் நின்றது. கல்யாணச் சந்தையில் அப்படியொரு நீதிமன்றம் இல்லை. ஒளித்து வைப்பதில் ஒரே ஒரு நட்டம்: அடுத்த தலைமுறையில் மின்னல் கோடு பார்க்கும் ஒருவர், மறுபடி மார்த்தாண்டம் கண்ணாடிக் கடையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

குழாயின் கதை இதற்குள் முடிந்திருக்கும். மீந்த ரத்தமும் பிளாஸ்டிக்கும் மருத்துவக் கழிவு விதிப்படி கிருமிநீக்கத்துக்குப் போகும். எடுத்த டி.என்.ஏ.வில் எஞ்சிய துளி எண்ணிட்ட சிறு புட்டியில் உறைகுளிரில் சில காலம் இருக்கும். ‘தெரியவில்லை’ என்று வந்த சீட்டுகளுக்கு அந்தத் துளி முக்கியம். புதிதாக ஏதாவது தெரியவந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

திற்பரப்பு வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு. டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, ஆதார் அட்டை இருக்கும் உறையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நோயின் பெயர், மரபணு மாற்றம், தவிர்க்க வேண்டியவை, கடும் மைக்ரேனைத் தொடர்ந்து நினைவு மங்கிச் சில நாள் மயக்கத்தில் கிடந்து பிறகு தெளிவது இந்த நோயில் உண்டு என்ற எச்சரிக்கை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நடு இரவில் தூக்கிக்கொண்டு ஓடும்போது எந்த ஆஸ்பத்திரியில் எந்த இளம் டாக்டர் இருப்பார் என்று தெரியாது.

இன்னொன்று அக்காவுக்கு. அவருக்குச் சோதனை வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்க்கிற பெண் வீட்டு வாசலுக்கு வரும்போது, ‘எனக்கென்ன கேடு’ என்று திருப்பி அனுப்பாமல் கையை நீட்டலாம். கடாசில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண் அவருக்கு வேண்டியதுதான்.